சத்தம் நின்றதை முதலில் கேட்டது யார்?

பெரியம்மாவின் மகள், எங்களுக்கு அக்கா, பனையோலையில் பெட்டி, கைப்பை, கடகம் என்று பின்னி இணையத்தில் விற்கிறார். சொந்தமாக ஒரு சின்னத் தளம் வைத்திருக்கிறார். ஓடர்களில் பாதிக்கு மேல் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற ஆக்களிடமிருந்துதான் வரும். போன வருஷம் நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஒன்பது நாட்களாக ஒரு ஓடரும் வரவில்லை. "வெளிநாட்டுச் சனம் எல்லாம் இப்ப இங்கதானே நிக்குது, ஆர் அங்கயிருந்து ஓடர் பண்ணப்போகினம்" எண்டு அக்கா தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டார். ஒவ்வொரு நாள் காலையும் போனில் தளத்தைத் திறந்து பார்த்தார். அழகாகத் திறந்தது. படங்கள் எல்லாம் இருந்தன. வியாபாரம்தான் மந்தம் எண்டு விட்டுவிட்டார்.

பத்தாம் நாள் ஸ்காபரோவிலிருந்து ஒரு அம்மா வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினார். "பிள்ளை, கடையை மூடிப்போட்டியளோ? மூண்டு தரம் அமத்திப் பாத்தன். காசு கட்டுற பக்கம் வருகுதில்லை."

பணம் கட்டும் பகுதிக்கான மென்பொருள் தன்பாட்டில் புதுப்பித்துக்கொண்டபோது ஏதோ ஒன்று முட்டுப்பட்டிருக்கிறது. முகப்புப் பக்கம் நன்றாக இருந்தது, ஓடர் பக்கம் செத்துப் போயிருந்தது. தெரிந்த பெடியன் ஒருவன் திருத்திக் கொடுக்க இருபது நிமிடம் எடுத்தது. இருபது நிமிட வேலை, ஒன்பது நாள் நட்டம். எவ்வளவு நட்டம் என்று கேட்டால் அதற்கும் பதில் இல்லை. வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவர்கள் எத்தனை பேர் என்பது ஒரு இடத்திலும் பதிவாகவில்லை. கடை முன்கதவு தானாகச் சாத்திக்கொள்ள, முதலாளி உள்ளுக்குள் இருந்தபடி "இண்டைக்கு ஒருத்தரையும் காணேல்லை" எண்டு யோசிக்கிற மாதிரி.

வரலாறு படிக்கிற எனக்கு இதில் ஒரு கேள்வி வந்தது. இணையத்தளங்கள் விழுந்த கதைகள் நிறைய இருக்கின்றன. அவை விழுந்துவிட்டன என்பதை முதலில் கண்டது யார்? சொந்தக்காரரா, வேறு யாருமா? இந்தக் கேள்வியோடு பழைய கதைகளைத் திரும்பப் படித்தால் அவை வேறு மாதிரித் தெரிகின்றன.

1983 டிசெம்பரிலிருந்து தொடங்கலாம். அமெரிக்க இராணுவத்தின் ஆய்வுகூடம் ஒன்றில் வேலை செய்த மைக் மூஸ் என்பவர், வலையமைப்பு ஒரு நாள் விசித்திரமாக நடந்துகொண்டதால் எரிச்சலடைந்து, ஒரே இரவில் ஒரு சின்ன நிரலை எழுதினார். அது வேறொரு கணினிக்கு "இருக்கிறாயா?" என்று ஒரு துண்டுச் செய்தி அனுப்பும். அது "இருக்கிறேன்" என்று திருப்பி அனுப்பும். போய் வர எவ்வளவு நேரம் எடுத்தது என்று சொல்லும். அவ்வளவுதான். நீர்மூழ்கிக் கப்பல்களில் ஒலி அனுப்பி எதிரொலி கேட்கும் முறையை நினைத்து அதற்கு 'பிங்' என்று பெயர் வைத்தார். நாற்பது வருடம் கழித்தும், உலகத்தில் உள்ள கிட்டத்தட்ட எல்லாக் கணினிகளிலும் அந்தப் பெயரில் ஒரு கட்டளை இருக்கிறது.

மூஸ் தன்னுடைய பக்கத்தில் ஒரு கதை எழுதி வைத்திருந்தார். மாநாடு ஒன்றில் அவர் கேட்ட கதை. ஒரு வலையமைப்பு நிர்வாகிக்கு ஒரு தலையிடி: எங்கேயோ ஒரு கேபிள் இணைப்பு லூசாகி விட்டுவிட்டு வேலை செய்கிறது, எங்கே என்று தெரியவில்லை. அவர் பிங் நிரலைக் கணினியின் குரல் மென்பொருளோடு இணைத்து, அதை அலுவலக ஸ்டீரியோவில் போட்டு, சத்தத்தை உச்சத்துக்கு ஏற்றினார். ஒவ்வொரு பதிலுக்கும் கணினி "பிங்... பிங்... பிங்..." எண்டு கத்தும். அவர் கட்டடம் முழுக்க நடந்து ஒவ்வொரு இணைப்பாக ஆட்டிப் பார்த்தார். எந்த இணைப்பை ஆட்டியபோது சத்தம் நின்றதோ, பிழை அங்கே இருந்தது.

இந்தக் கதை எனக்கு நன்றாகப் பிடித்துப்போனதற்குக் காரணம் இருக்கிறது. பழுதைப் பழுதாகவே தேடிப் பிடிப்பது கஷ்டம். ஒழுங்காக வரவேண்டிய சத்தம் ஒன்றை முதலில் ஏற்படுத்தி வைத்தால், அது நின்றவுடன் பழுது தெரியும். அக்காவின் கடையில் அப்படியான சத்தம் ஒன்றும் இருக்கவில்லை. ஓடர் வராத மௌனமும் கடை செத்துப்போன மௌனமும் காதுக்கு ஒரே மாதிரித்தான் இருந்தன.

அந்த மௌனத்துக்கு ஒரு விலை உண்டு என்று வியாபார உலகத்துக்கு உறைத்தது 1999இல் என்று சொல்லலாம். அந்த வருடம் ஜூன் 10ஆம் திகதி மாலை ஈபே ஏலத்தளம் விழுந்தது. எழும்ப ஏறக்குறைய 22 மணித்தியாலம் எடுத்தது. ஏலம் என்பது நேரத்தோடு கட்டுப்பட்ட வியாபாரம். "நாளை மாலை ஆறு மணிக்கு முடியும்" என்று அறிவித்த ஏலம் ஆறு மணிக்கு ஆளில்லாமல் முடிந்தால் விற்கிறவருக்கு நட்டம். ஈபே ஏலங்களை நீட்டியது, கட்டணங்களைத் திருப்பிக் கொடுத்தது. திருப்பிக் கொடுக்கிற காசு மட்டும் 30 தொடக்கம் 50 இலட்சம் டொலர் வரும் என்று கொம்பனி அறிவித்தது. பங்கு விலையும் விழுந்தது. பெரிய அடிதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கோ: ஈபே விழுந்தது முதல் நிமிடத்திலேயே எல்லாருக்கும் தெரியும். ஆயிரக்கணக்கான ஆக்கள் உடனே கத்தினார்கள். பெரிய கடைக்கு அந்தப் பாக்கியம் இருக்கிறது. பணம் கொடுத்துக் காவலாளி வைக்காவிட்டாலும் சனமே காவலாளி.

அதே வருடம் கிறிஸ்மஸ் நேரம் நடந்தது இன்னும் சுவாரசியம். ஹொட்மெயிலை அப்போது மைக்ரோசொப்ட் வாங்கி இரண்டு வருடம். அதற்குள் நுழைய 'பாஸ்போர்ட் டொட் கொம்' என்ற முகவரி வேலை செய்யவேண்டும். டிசெம்பர் 24ஆம் திகதி பலரால் தங்கள் மின்னஞ்சலுக்குள் போகமுடியவில்லை. காரணம், அந்த முகவரியின் பதிவை நீடிக்க மைக்ரோசொப்ட் காசு கட்டவில்லை. மறந்துபோனார்கள். 35 டொலர்! இதைக் கண்டுபிடித்தது மைக்ரோசொப்டில் யாரும் இல்லை. வெளியே இருந்த ஒரு லினக்ஸ் நிரலாளர். மைக்ரோசொப்டின் போட்டி முகாமைச் சேர்ந்தவர் என்றே சொல்லலாம். அவர் நத்தார் தினத்தில் தன்னுடைய கடனட்டையால் அந்த 35 டொலரைக் கட்டிவிட்டார். சேவை திரும்ப வந்தது. உலகத்தின் மிகப்பெரிய மென்பொருள் கொம்பனியின் வாசல்கதவு சாத்தியிருந்ததைத் தெருவால் போன ஒருவர் பார்த்துத் திறந்துவிட்டுப் போயிருக்கிறார்.

அந்த வருடத்தில்தான் ஈதன் கால்ஸ்டாட் என்பவர் 'நெட்செயின்ட்' என்ற இலவச மென்பொருளை வெளியிட்டார். பெயர் உரிமைப் பிரச்சினை வந்து 2002இல் அதை 'நாகியோஸ்' என்று மாற்றினார். எங்கட நாகத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, 'புனிதர்' என்ற அர்த்தம் வரும் கிரேக்கச் சொல்லை வைத்து விளையாடிய பெயர். மூஸின் பிங் கேட்டால்தான் பதில் சொல்லும். நாகியோஸ் சில நிமிடத்துக்கு ஒரு தடவை தானாகப் போய் ஒவ்வொரு சேர்வரையும் தட்டிப் பார்க்கும். பதில் இல்லாவிட்டால் பொறுப்பானவரை எழுப்பும். அதிலும் ஒரு புத்திசாலித்தனம் இருந்தது. ஒரு தடவை பதில் வராவிட்டால் உடனே கத்தாது. இன்னும் சில தடவை தட்டிப் பார்த்து, உண்மையாகவே ஆள் இல்லை என்றால்தான் கத்தும். "புலி வருது, புலி வருது" கதை எங்களுக்குத் தெரியுமே. இரவு இரண்டு மணிக்கு மூன்று தடவை சும்மா எழுப்பப்பட்ட ஒருவர் நான்காம் தடவை போனை அணைத்துவிட்டுப் படுப்பார். புலி அண்டைக்குத்தான் வரும்.

இந்தக் காலத்தில்தான் வியாபார ஒப்பந்தங்களில் ஒன்பதுகளின் கணக்கும் பரவியது. "எங்கள் சேர்வர் 99.9 வீதம் இயங்கும்" என்று விற்பார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கும். கணக்குப் போட்டால் 99 வீதம் என்பது வருடத்தில் மூன்றரை நாளுக்கு மேல் மூடிக்கிடக்கலாம் என்று அர்த்தம். 99.9 என்றால் எட்டே முக்கால் மணித்தியாலம். 99.99 என்றால் ஐம்பத்திரண்டு நிமிடம் சொச்சம். அந்த எட்டே முக்கால் மணித்தியாலம் வருடம் முழுக்கச் சிதறிப்போனால் யாருக்கும் தெரியாது. தீபாவளிக்கு முதல் நாள் மொத்தமாக வந்தால் ஒரு புடைவைக் கடையின் அந்த வருட இலாபமே போகும். இரண்டுக்கும் தாளில் ஒரே எண்தான். சராசரி என்ற சாமானை வரலாற்று மாணவர்கள் நம்பக்கூடாது என்று எங்கள் விரிவுரையாளர் ஒருவர் சொல்லுவார், அது இங்கேயும் பொருந்துகிறது.

இப்போது இணையத்தளத்தை விட்டு ஒரு மின்சாரக் கதைக்குப் போகிறேன். விலகிப்போகிற மாதிரி இருக்கும், ஆனால் 'கண்காணிப்பு வைத்துவிட்டோம், இனிப் பயமில்லை' என்று நினைக்கிறவர்கள் கட்டாயம் தெரிந்திருக்கவேண்டிய கதை இது. கண்காணிக்கிற கணினியே சத்தமில்லாமல் செத்துப்போன கதை.

2003 ஓகஸ்ட் 14, வியாழக்கிழமை. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் ஃபெர்ஸ்ட்எனர்ஜி என்ற மின்சாரக் கொம்பனியின் கட்டுப்பாட்டு அறை. மின்கம்பி எங்காவது அறுந்தாலோ, சுமை கூடினாலோ, அங்குள்ள கணினி ஒலி எழுப்பித் திரையில் காட்டும். பிற்பகல் 2.14க்குக் கொஞ்சம் பிறகு அந்த எச்சரிக்கை மென்பொருள் உள்ளுக்குள் ஒரு பிழையில் சிக்கி நின்றுபோனது. நின்றுபோனதைச் சொல்ல எச்சரிக்கை எதுவும் வரவில்லை. வரவும் முடியாது, எச்சரிக்கை தருகிற மென்பொருள்தானே நின்றது! மற்றத் திரைகள் எல்லாம் வழமைபோல் இருந்தன. ஆகவே கடமையில் இருந்தவர்களுக்கு அது பிரச்சினை இல்லாத அமைதியான ஒரு பிற்பகல்.

2.32க்குப் பக்கத்து மின்சாரக் கொம்பனி தொலைபேசி எடுத்து, "உங்களுடைய கம்பி ஒன்று விழுந்து திரும்ப வந்த மாதிரி இருக்கே" என்ற அர்த்தத்தில் கேட்டது. இவர்கள் திரையைப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. 2.41க்குப் பிரதான சேர்வர் விழுந்தது. அதன் வேலையை ஏற்ற மாற்றுச் சேர்வரும் 2.54க்கு விழுந்தது. இதைத் தானியங்கிச் செய்தி ஒன்று கணினிப் பிரிவுக்குப் போய்ச் சொன்னது. அங்கிருந்தவர்கள் சேர்வரைத் திரும்ப எழுப்பினார்கள். ஆனால் எச்சரிக்கைகள் திரும்ப வருகின்றனவா என்று கட்டுப்பாட்டு அறையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதற்கிடையில் திரைகள் புதுப்பிக்க, சில விநாடிகளுக்குப் பதிலாக ஒரு நிமிடம் மட்டில் எடுத்தன.

3.05க்கு 345 கிலோவோல்ட் கம்பி ஒன்று தொய்ந்து மரத்தில் தொட்டுத் துண்டித்துக்கொண்டது. 3.32க்கு இன்னொன்று. 3.41க்கு இன்னொன்று. ஒவ்வொன்றும் விழ, அதன் சுமை மிச்சக் கம்பிகளில் ஏறியது. வெளியிலிருந்து அழைப்புகள் வந்தபடி இருந்தன. அழைத்தவர்கள் எல்லாரும் பிரச்சினை என்றார்கள், தங்கள் திரை மட்டும் பிரச்சினை இல்லை என்றது. அவர்கள் திரையை நம்பினார்கள். எச்சரிக்கைக் கணினி வேலை செய்யவில்லை என்று கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் வாய்விட்டுச் சொன்னபோது நேரம் 3.42. ஒன்றரை மணித்தியாலம் கிட்டப் போயிருந்தது. 4.10 அளவில் எல்லாம் சரிந்தது. நியூயோர்க், டெட்ரோயிட், கிளீவ்லாண்ட், ரொறன்ரோ என்று எட்டு அமெரிக்க மாநிலங்களிலும் ஒன்ராறியோவிலும் சுமார் 5 கோடி மக்கள் இருட்டுக்குள் போனார்கள். அமெரிக்காவுக்கு மட்டும் 400 கோடியிலிருந்து 1,000 கோடி டொலர் வரை நட்டம் என்று மதிப்பிட்டார்கள். அண்டைக்கு ரொறன்ரோவில் மெழுகுதிரி கொளுத்தியவர்களில் எங்கட சொந்தக்காரரும் நிறையப் பேர் இருந்திருப்பார்கள்.

அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து நடத்திய விசாரணை அறிக்கை மரம் வெட்டாததைக் குற்றம் சொன்னது, பயிற்சியைக் குற்றம் சொன்னது, எல்லாம் சரி. எனக்கு மனதில் தங்கியது அந்த 2.14க்கும் 3.42க்கும் இடைப்பட்ட நேரம்தான். எச்சரிக்கை இல்லை என்பதை "எல்லாம் நலம்" என்று அவர்கள் வாசித்தார்கள். இப்போது ஒழுங்காகக் கட்டப்படும் கண்காணிப்பு அமைப்புகளில் இதற்காகவே ஒரு ஏற்பாடு உண்டு. காவலாளி ஒவ்வொரு சில நிமிடத்துக்கும் "நான் முழிப்பாக இருக்கிறேன்" என்று வேறொரு இடத்துக்குச் சொல்லவேண்டும். அவன் சொல்லத் தவறினால் அந்த வேறு இடம் கத்தும். ஊரில் இராக்காவல் காக்கிறவர் மணிக்கொரு தடவை தண்டவாளத் துண்டில் அடிப்பது கள்ளனுக்கு மட்டுமான எச்சரிக்கை இல்லை. அடிக்காவிட்டால் காவல்காரருக்கு என்ன நடந்ததென்று ஊர் எழும்பிப் பார்க்கும்.

இதற்குப் பத்து வருடம் கழித்து, 2013 ஒக்டோபர் 1ஆம் திகதி, ஒபாமாவின் மருத்துவக் காப்புறுதிச் சட்டத்துக்கான ஹெல்த்கெயார் டொட் கவ் தளம் திறக்கப்பட்டது. நீண்ட அரசியல் சண்டைக்குப் பிறகு ஒரு முழு அரசாங்கத்தின் மானம் அந்த ஒரு தளத்தில் தொங்கியது. முதல் நாள் இலட்சக்கணக்கில் ஆக்கள் வந்தார்கள். காப்புறுதியில் கடைசிவரை போய்ச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? ஆறு. நாடாளுமன்றக் குழு பின்னர் வெளியிட்ட உள்ளகக் குறிப்புகளில் இருக்கிற எண் இது. ஆறு இலட்சம் இல்லை, ஆறு பேர்.

தளம் விழுந்ததற்குக் காரணங்கள் பல. 55 ஒப்பந்தக் கொம்பனிகள் அதைத் துண்டு துண்டாகக் கட்டின. முழுத்தளத்துக்கும் பொறுப்பான ஒருவர் இல்லை. போதிய சோதனை நடக்கவில்லை. இதைப்பற்றி நிறையவே எழுதிவிட்டார்கள். எங்கள் கேள்விக்கு வருவோம்: விழுந்தது யாருக்கு முதலில் தெரிந்தது? ஒக்டோபர் நடுப்பகுதிக்குப் பிறகு கூகுளிலிருந்து மைக்கி டிக்கர்சன் போன்ற சில பொறியியலாளர்கள் உதவிக்குப் போனார்கள். அவர்கள் கேட்ட முதல் விஷயங்களில் ஒன்று, தளம் இப்போது எப்படி ஓடுகிறது என்று காட்டும் திரை எங்கே என்பது. அப்படி ஒன்று இல்லை. எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள், எத்தனை பேருக்குப் பிழை வருகிறது, ஒரு பக்கம் திறக்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று யாராலும் ஒரு இடத்தில் பார்க்க முடியவில்லை. தளம் விழுந்துவிட்டதை உள்ளே இருந்தவர்களே தொலைக்காட்சிச் செய்தி பார்த்துத்தான் அறிந்தார்கள் என்று பிறகு கதையாகச் சொல்லுவார்கள். கோடிக்கணக்கான டொலர் செலவழித்தவர்களுக்கு, அக்காவுக்கு ஸ்காபரோ அம்மா எப்படியோ, சிஎன்என் அப்படி.

அவர்கள் செய்த முதல் வேலை தளத்தைத் திருத்துவது இல்லை. அளப்பது. கண்காணிப்பு மென்பொருளைப் போட்டு, எண்களை எல்லாரும் பார்க்கும் திரையில் ஏற்றினார்கள். நாளுக்கு இரண்டு தடவை நின்றபடியே கூட்டம். அந்த அறையில் பிரச்சினையைத் தீர்க்கிற கதை மட்டும், யார் பிழை என்ற கதைக்கு இடமில்லை. பதவி பெரியவர் கதைப்பதைவிட விஷயம் தெரிந்தவர் கதைக்கவேண்டும் என்றும் ஒரு விதி. (எங்கட திணைக்களங்களில் இந்த இரண்டு விதியையும் சுவரில் எழுதி ஒட்டினால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.) நவம்பர் தொடக்கத்தில் தளம் இயங்கிய நேரம் 43 வீதத்துக்குக் கிட்ட என்று அவர்களே மதிப்பிட்டார்கள். மாத முடிவில் அது 90 வீதத்தைத் தாண்டியது. எட்டு விநாடி எடுத்த பக்கங்கள் ஒரு விநாடிக்குள் திறந்தன. 2014 ஏப்ரலில், மாநிலத் தளங்களையும் சேர்த்து 80 இலட்சம் பேர் பதிந்திருந்தார்கள். தளத்தை முதலில் கட்டியவர்கள் மடையர்கள் என்று நான் நினைக்கவில்லை. எங்கே வலிக்கிறது என்று சொல்லத்தெரியாத நோயாளியை வைத்துக்கொண்டு எந்த டொக்டரும் என்ன செய்கிறது?

அங்கே அரசாங்க ஆக்களுக்கு விளங்கப்படுத்த டிக்கர்சன் ஒரு பிரமிட் படம் வரைந்தார். மனிதத் தேவைகளை ஆபிரகாம் மாஸ்லோ அடுக்கிய மாதிரி, ஒரு தளத்தை நம்பிக்கையோடு ஓட்டத் தேவையானவற்றை அவர் அடுக்கினார். உச்சியில் வாடிக்கையாளர் பார்க்கிற பண்டம். அதற்குக் கீழே கட்டுமானம், கொள்ளளவுத் திட்டம், சோதனை, நடந்த பிழையை ஆராய்தல், அவசரத்தைக் கையாளுதல். எல்லாவற்றுக்கும் அடியில் கண்காணிப்பு. 2016இல் கூகுள் வெளியிட்ட புத்தகத்திலும் அந்தப் படம் வந்தது. சோறும் தண்ணியும் இருக்கிற இடத்தில் கண்காணிப்பை வைத்திருக்கிறார் மனிசன்.

அதற்குப் பிறகும் பெரியவர்கள் தடுக்கி விழாமல் இல்லை. 2017 பெப்ரவரி 28இல் அமேசன் பொறியியலாளர் ஒருவர் கட்டளை ஒன்றைப் பிழையாகத் தட்டியதில் அதன் சேமிப்புச் சேவை ஏறக்குறைய நான்கு மணித்தியாலம் படுத்துவிட்டது. அதில் தங்கியிருந்த ஆயிரக்கணக்கான தளங்களும் படுத்தன. அமேசனிடம் ஒரு நிலைமைப் பலகை இருந்தது, எந்தச் சேவை நலம், எது நலமில்லை என்று உலகத்துக்குக் காட்டுவது. அந்தப் பலகையை மாற்றுகிற வசதியும் விழுந்த அதே சேமிப்புச் சேவையில்தான் தங்கியிருந்தது. ஆகவே எல்லாம் எரிந்துகொண்டிருக்கப் பலகை நலம் காட்டியது. அவர்கள் டுவிட்டரில் போய்ச் சொல்லவேண்டி வந்தது. ஒகையோவில் நடந்ததன் தம்பி இது. காவலாளியைக் காவல் காக்கிற வீட்டுக்குள்ளேயே படுக்கவைத்தால், வீடு எரியும்போது அவனும் உள்ளே.

எங்கட பக்கத்திலும் ஒன்று நடந்தது. 2021 பெப்ரவரி 6ஆம் திகதி காலை, டொட் எல்கே முகவரிகள் சிலவற்றைத் திறந்தவர்களுக்கு வேறொரு பக்கம் வந்தது. கூகுளின் இலங்கை முகவரியும் அதில் ஒன்று. அந்தப் பக்கத்தில் தோட்டத் தொழிலாளர் சம்பளம், ஊடக சுதந்திரம், சிறுபான்மையினர் பிரச்சினை என்றெல்லாம் எழுதியிருந்தது. எழுதியது சரியா பிழையா என்பது வேறு விவாதம். கண்காணிப்புக் கண்ணால் பார்த்தால், முகவரி பதில் சொல்கிறது, பக்கம் திறக்கிறது. 'இருக்கிறாயா' என்று மட்டும் கேட்கிற ஒரு மென்பொருளுக்கு அன்று காலை எல்லாம் நலமாகவே தெரிந்திருக்கும். சேர்வர்கள் ஒரு பக்கத்தைக் கொடுக்கும்போது ஒரு எண்ணையும் சேர்த்து அனுப்பும். 200 என்றால் எல்லாம் சரி, 404 என்றால் பக்கம் இல்லை, 500 என்றால் உள்ளுக்குள் பழுது. சில தளங்கள் "மன்னிக்கவும், பிழை ஏற்பட்டுள்ளது" என்ற பக்கத்தையே 200 போட்டு அனுப்பும்! செத்தவரின் வீட்டுக் கதவைத் தட்ட, உள்ளேயிருந்து ரேடியோ "நான் நலம்" என்று சொல்கிற மாதிரி. அதனால்தான் இப்போது எண்ணை மட்டும் பார்க்காமல், இருக்கவேண்டிய ஒரு சொல் அந்தப் பக்கத்தில் இருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். ஒரு படி மேலே போய், வாடிக்கையாளர் போல உள்ளே நுழைந்து, பொருளைக் கூடைக்குள் போட்டு, காசு கட்டுகிற இடம்வரை நடந்து பார்க்கிற நிரல்களும் உண்டு.

அக்காவின் கதையில் இன்னும் ஒன்று பிறகுதான் எங்களுக்கு விளங்கியது. அந்த ஒன்பது நாளும் பேஸ்புக்கில் அவர் போட்டிருந்த விளம்பரம் ஓடிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு கிளிக்குக்கும் காசு போனது. காசு கொடுத்து ஆக்களைக் கூட்டிவந்து சாத்திய கதவில் முட்டவைத்திருக்கிறார். முழுத்தளமும் விழுந்து பல நாள் கிடந்திருந்தால் இன்னும் மோசம், பிழை எண்ணையே திரும்பத் திரும்பக் காண்கிற தேடுபொறி மெல்ல மெல்ல அந்தப் பக்கங்களைத் தன் பட்டியலிலிருந்து எடுத்துவிடும். திருத்திய பிறகும் ஆக்கள் வரமாட்டார்கள். வந்து திரும்பியவர்களில் முறைப்பாடு சொன்னவர் ஒரே ஒருவர். மற்றவர்கள் வேறு கடையில் வாங்கியிருப்பார்கள், அல்லது வாங்காமலே விட்டிருப்பார்கள். இதனால்தான் இந்த நட்டம் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறுவதில்லை. 2021 ஒக்டோபரில் பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் சேர்ந்து ஆறு மணித்தியாலம் அளவில் படுத்தபோது உலகமே எழுதியது. அந்த ஆறு மணித்தியாலத்துக்கு வரலாறு இருக்கிறது. அக்காவின் ஒன்பது நாளுக்கு இப்போது இந்தக் கட்டுரை மட்டும்தான் இருக்கிறது.

இப்போது அவர் ஒரு இலவசக் கண்காணிப்புச் சேவையில் பதிந்திருக்கிறார். அது ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை வெளிநாட்டு நகரங்களிலிருந்து தளத்தைத் தட்டிப் பார்க்கிறது. ஐந்து நிமிடத்துக்கு இடையில் விழுந்து எழும்பினால் அதற்கும் தெரியாதுதான், அந்தளவு எங்களுக்குத் தாங்கும். காசு கட்டும் பக்கத்தை அந்த இலவசச் சேவை பார்க்காது. அதனால் ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் அக்கா தேத்தண்ணியோடு இருந்து தன்ர கடையில் தானே ஒரு சின்னப் பெட்டி ஓடர் பண்ணுகிறார், காசு கட்டும் பக்கம்வரை போய்ப் பார்த்துவிட்டு ரத்துச் செய்கிறார். ஓடர் பட்டியலில் 'சோதனை' என்ற வாடிக்கையாளர்தான் இப்போது முதலிடம், இதுவரை 31 பெட்டி.